பூட்டை ஏமாற்றிப் படிக்கலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை. விடிந்ததும் டீக்கடையில் கூட்டம். பெஞ்சில் ஒரே ஒரு பத்திரிகை. முதல் பக்கம் ஒருவர் கையில். சினிமாப் பக்கம் இன்னொருவர் கையில். படிக்கத் தெரியாத பெரியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படித்துச் சொல்வார்.

ஒரு பத்திரிகையை 50 பேர் படித்தார்கள். இதைத் திருட்டு என்று யாராவது சொன்னது உண்டா? இல்லை. கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார்.

இப்போது பத்திரிகை செல்போனுக்குள் வந்துவிட்டது. சில பத்திரிகைகள் இரண்டு பாரா மட்டும் காட்டுகின்றன. "மீதியைப் படிக்கச் சந்தா கட்டுங்கள்" என்று கதவைச் சாத்திவிடுகின்றன.

அந்தப் பூட்டைத் தாண்டக் குறுக்கு வழிகள் உண்டு. கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒரு நிமிடத்தில் திறந்து காட்டுகிறான். "கெட்டிக்காரன்!" என்று தகப்பனார் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்.

தட்டிக்கொடுக்கலாமா?

அந்தத் தகப்பனாருக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் வேலி தாண்டி வந்து 30 முட்டையை எடுத்துப் போகிறான். "கோழி நாளைக்கும் முட்டையிடுமே, உமக்கு என்ன நஷ்டம்?" என்கிறான். சும்மா விடுவாரா?

"முட்டை போனால் போனதுதான். செய்தி இருந்த இடத்திலேயே இருக்கிறதே!" என்று பையன் கேட்பான். நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் செய்திக்காக ஒரு நிருபர் பஸ் ஏறி அலைந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் வேண்டாமா? டீக்கடைப் பத்திரிகைக்குக் காசு கொடுத்தவர் ஒருவராவது உண்டு. இங்கே ஒருவரும் இல்லை.

கோர்ட்டு வரை போன சங்கதி இது. 'தைனிக் ஜாக்ரண்' என்ற இந்திப் பத்திரிகையைத் தினமும் பிரதி எடுத்து, டெலிகிராமில் சிலர் இலவசமாகப் பரப்பினார்கள். அந்தப் பக்கங்களை நீக்க வேண்டும், நடத்தியவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட்டு 2020 மே மாதம் உத்தரவிட்டது.

சரி, காசே இல்லாதவன் என்ன செய்வான்? இதுதான் சிக்கல்.

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படிக்கவே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஏழை மாணவன் எங்கே போவான்? இதற்காக மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தை 2025 ஜனவரியில் தொடங்கியது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி இதழ்கள். பூட்டை உடைக்காமல், சாவியையே வாங்கிக் கொடுக்கும் வேலை!

ஆனால் முதல் கட்டத்தில் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் தனியார் கல்லூரியில் படிக்கும் நெசவாளி மகனுக்கு? அவன் குறுக்கு வழியில் போனால், சந்தா கட்ட வசதி இருந்தும் கட்டாதவரோடு அவனைச் சேர்த்துப் பேசுவது நியாயம் ஆகாது.

ஊர் நூலகத்தில் பத்திரிகைகளை வாங்கிப் போடுகிறார்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதே நூலகம், செல்போனில் வரும் பத்திரிகைக்கும் ஊருக்காக ஒரு சந்தா கட்டினால் என்ன? வீட்டு வரியோடு நூலக வரியையும் சேலத்துக்காரரும் நாமக்கல்காரரும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!