சாம்பல் நிறச் சீருடை

பட்டாளத்துக்காரரின் சீருடைக்கு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி உண்டு. அவர் மனைவியின் சீருடை பெரும்பாலும் டிரங்குப் பெட்டியோடு சரி.

அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் 'கிரே லேடி'களைச் சொல்கிறேன். 1918-இல் வாஷிங்டன் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் தொடங்கிய தொண்டர் படை. சாம்பல் நிற உடுப்பைப் பார்த்துப் படுக்கையில் கிடந்த சிப்பாய்கள் வைத்த பெயர்; 1947-இல்தான் அது அதிகாரபூர்வமானது. கணவரோடு கடல் கடந்துபோன ராணுவ மனைவிகள் பலர் அங்குள்ள ராணுவ மருத்துவமனைகளில் இதை உடுத்தினார்கள். ஊசி, மருந்து அவர்கள் வேலையல்ல. கையில் காயம்பட்டவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, புத்தகம் படித்துக் காட்டுவது, பேச்சுத் துணை.

இத்தகையவரைப் பிரெஞ்சில் 'பெனெவோல்' என்போம். நல்லெண்ணம் கொண்டவர் என்று பொருள். சம்பளப் பேச்சே அதில் கிடையாது. ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டிய எனக்கு அதுதான் உறுத்துகிறது. சம்பளப் பட்டியல் இல்லை, சர்வீஸ் புக் இல்லை, பென்ஷன் இல்லை. மிச்சம் இந்த உடுப்புதான். அதைப் பேரப்பிள்ளைகள் பழந்துணியோடு போடுவதை நான் ஒப்பமாட்டேன். சும்மா வைத்திருந்தாலும் போதாது. எந்த ஊர், எந்த வார்டு, எந்த வருடம் என்று பாட்டி இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி உடுப்போடு வைக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், மை துணியில் இறங்கிவிடும்.