ஷட்டர் கனக்கிறதா? வயதை மட்டும் குறை சொல்லாதீர்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம், “சில வாரங்களுக்குக் கனமான பொருள் எதையும் தூக்க வேண்டாம்” என்று நாங்கள் தவறாமல் சொல்லி அனுப்புகிறோம். கேட்பவர் மனத்தில் அப்போது தோன்றுபவை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, எரிவாயு உருளை. ஷட்டர் தோன்றுவதில்லை. மறுவாரம் தையல் பிரிக்க வரும்போது, “கனம் எதையும் தொடவே இல்லை, டாக்டர், காலையில் கடையை மட்டும் திறந்து வைத்தேன்” என்பார். கடை திறப்பது அவர் கணக்கில் தூக்குவது ஆகாது. அது அன்றாடக் கடமை.

பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், இரும்புலியூர்ப் பகுதிகளில் தெருவுக்கு நாலைந்து வீடுகளிலாவது முன்பக்கம் ஒரு கடையோ கார் ஷெட்டோ இருக்கிறது. அதற்கு இரும்பு ஷட்டரும் இருக்கிறது. வீடு கட்டிய நாளில் நாற்பது வயதில் ஒரு கையால் அதை ஏற்றியவர், அறுபதில் இரு கைகளாலும் ஏற்ற முடியாமல் திணறும்போது, “வயதாகிவிட்டது” என்று தம்மையே நொந்துகொள்கிறார். எங்கள் கருத்தில் பாதிக் குற்றம் அவருடையது அன்று. மேலே தண்டில் மறைந்திருக்கும் சுருள்வில்லுக்கும், அதாவது ஸ்பிரிங்குக்கும், அதே அளவு வயதாகியிருக்கிறது. அதை யாரும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதில்லை.

ஒரு சிறு கணக்கு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் ஷட்டர் பட்டை 80 மில்லிமீட்டர் அகலமும் 1.25 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள வாயிலுக்கு அந்தத் தடிமனில் வெறும் தகடு வைத்தாலே எடை 70 கிலோவைத் தாண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வளைவுகளையும் அடிச்சட்டத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். இதை ஒரு கையால் ஏற்ற முடிவது நம் தோள்வலிமையால் அன்று. ஷட்டரை இறக்கும்போது சுருள்வில் முறுக்கேறி அந்த எடையைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஏற்றும்போது அதைத் திருப்பித் தருகிறது. நாம் கொடுப்பது ஒரு சிறு உந்துதல் மட்டுமே. வில் தளரத் தளர அது சுமந்த பங்கு நம் முதுகுக்கு மாறுகிறது. ஒரே நாளில் மாறினால் கவனித்திருப்போம். ஆண்டுக்குக் கொஞ்சமாக மாறுவதால் உடல் பழகிக்கொள்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மை ஏமாற்றுவது இந்த வழியில்தான்.

அறிகுறிகள் தெளிவானவை. ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை மெல்லத் தளர்த்தினால் அது பெரும்பாலும் அங்கேயே நிற்க வேண்டும். தானாகக் கீழே வழிந்தால் வில் தளர்ந்திருக்கிறது. கையை மீறி மேலே பாய்ந்தால் அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தாழ்வதும் நல்லதன்று. இவற்றில் எங்களுக்கு அதிகக் கவலை தருவது, ஒரு நாள் மேலே ‘டப்’ என்ற ஓசை கேட்டு, அதன்பின் ஷட்டர் திடீரெனக் கனப்பது. தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வில்கள் இருக்கும். ஒன்று ஒடிந்தாலும் மற்றவை தாங்குவதால் ஷட்டர் எப்படியோ ஏறிவிடும். ‘ஏறுகிறதே’ என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவார்கள். எஞ்சியவை அடுத்து ஒடியக் காத்திருக்கும்.

எல்லாப் பழியும் வில்லின்மேல் அன்று. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வீடுகளின் தரைத்தளத்தில் வெள்ளம் புகுந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். வடிந்த நீர் சுவரோரத் தடங்களின் அடியில் வண்டலை விட்டுச் செல்லும்; கீழ்ப்பட்டைகள் துருவேறும். அப்படிப்பட்ட ஷட்டர் கனப்பது உராய்வினால். வில்லை முறுக்கச் சொல்வதற்கு முன் தடத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். அதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெயைச் சிறிதளவு பூசினால் போதும். கெட்டியான கிரீஸைத் தடத்தில் அப்ப வேண்டாம். தெருப்புழுதி அதில் ஒட்டி இரண்டே மாதத்தில் அரைமாவுபோல் ஆகிவிடும். ஆயுத பூஜையன்று ஷட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் உண்டு. அந்நாள் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாகவே வருவதால், ஆண்டுக்கொருமுறை தடத்தைத் துடைத்து எண்ணெய் விடவும் அதையே வைத்துக்கொள்ளலாம். பூஜை வழக்கம் இல்லாதவர்கள் அந்த மாதத்தில் வேறொரு நாளைக் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டார் செய்யக்கூடியது இவ்வளவே. மேலே உள்ள மூடியைக் கழற்றி வில்லைத் தொடுவது வேறு வேலை. ஷட்டர் இறங்கியிருக்கும் நிலையில் வில்லுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல், மேலே சொன்ன அளவுக்கு, 25 கிலோ அரிசி மூட்டையை முதல் மாடியிலிருந்து கீழே போட்டால் வெளிப்படும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். தண்டைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தும் நொடியில் அது முழுவதும் தண்டைச் சுழற்றப் பார்க்கும். தண்டில் மாட்டிய குழாய்ச் சாவி, பிடித்திருப்பவரின் மணிக்கட்டையோ தாடையையோ தாக்கும். அவரோ அப்போது ஏணியின்மேல் நிற்கிறார். இதற்கென்று இருவராக வரும் மெக்கானிக்குகள், ஒருவர் பிடிக்க ஒருவர் தளர்த்திப் படிப்படியாக முறுக்கை இறக்குகிறார்கள். இரண்டாமவருக்கும் சேர்த்துக் கூலி கேட்கிறார்களே என்று பேரம் பேசி ஒருவரை மட்டும் வரச் சொல்வது சிக்கனம் ஆகாது.

கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்துத் தாமே செய்ய முனைகிறவர்களும் உண்டு. அவற்றுள் பல அமெரிக்க வீடுகளின் கார் ஷெட் கதவுகளைப் பற்றியவை. அங்கே கதவு அகன்ற பலகைகளாக மடிந்து கூரையடியில் சென்று படுக்கும். வில் வெளியே கண்ணுக்குத் தெரியும். அதன் முனையில் முறுக்குக் கம்பி செருகத் துளைகள் இருக்கும். நம் ஷட்டரில் அந்த அமைப்பே வேறு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் கைவைப்பது, பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி நமக்கு மாத்திரை வாங்குவதற்கு ஒப்பாகும். அந்நாட்டிலும் வில்லை மாற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடும்படியே அத்தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

‘மோட்டார் வைத்துவிட்டால் தீர்ந்தது’ என்பவர்களுக்கு ஒரு சொல். மோட்டார் இழுத்துவிடுவதால் வில் ஒடிந்ததே தெரியாமல் போகக்கூடும். மின்வெட்டின்போது கையால் ஏற்ற முயல்பவருக்குத்தான் அது தெரியவரும். மேலும், இடையில் ஏதேனும் தட்டுப்பட்டால் கதவு தானாக நின்று திரும்பும் பாதுகாப்பு, 1993 ஜனவரி முதல் அமெரிக்காவில் தயாராகும் தானியங்கி வீட்டுக் கார் ஷெட் கதவுகளுக்குக் கட்டாயம். சிறுவர்கள் சிக்கி இறந்த பின்னரே அச்சட்டம் வந்தது. இங்கே அதை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

இனி எங்கள் துறைக்கு வருவோம். இதய அறுவை சிகிச்சையில் பிளந்து கட்டிய மார்பெலும்பு கூடிச் சேர 8 வாரமாவது ஆகும். சிலருக்கு 12 வாரம். தலைக்கு மேல் இரு கைகளையும் உயர்த்திக் கொக்கிக் கம்பியால் ஷட்டரை இழுப்பது அந்த எலும்பை இரு பக்கமும் பிரிக்கும் இழுவை. பேஸ்மேக்கர் பொருத்தியவர் முதல் சில வாரங்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தவர், சிசேரியன் ஆன தாய், கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் மூச்சைப் பிடித்து முக்கவே கூடாது. ஷட்டரோ முக்காமல் ஏறுவதில்லை. இவர்களைவிட எங்களுக்கு அச்சம் தருபவர்கள், எந்த அறுவை சிகிச்சையும் ஆகாத, எலும்பு மெலிந்த அறுபது வயதுப் பெண்கள். கணவர் மருத்துவமனையில் இருக்கும்போது கடையைத் திறக்கப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். குனிந்து ஒரே மூச்சில் தூக்கும்போது முதுகெலும்பின் ஒரு கட்டை நொறுங்கிவிடலாம். அதை வெறும் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கை சிக்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டைகளுக்கிடையே சிக்கிய விரலை இழுக்காதீர்கள்; ஷட்டரை எதிர்த்திசையில் நகர்த்தி விடுவியுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுப்பதிலேயே எங்கள் நேரம் போகும். மயக்கம் வருகிறதென்று வழியில் சோடாவோ காப்பியோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம். விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள இன்னொரு பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி நேரடியாகத் துண்டின்மேல் படக் கூடாது. இப்படிக் குளிர்ச்சியில் காத்த விரல், காக்காததைவிட இருமடங்கு நேரம் தாங்கும். 108-ஐ அழையுங்கள். பேராசிரியர் வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில் தோற்றுவித்த கை அறுவைப் பிரிவால் சென்னை இத்துறையில் முன்னோடி நகரமாகவே இருந்துவருகிறது. துண்டு ஒழுங்காக வந்து சேர்ந்தால் ஒட்டவைக்கும் திறன் இங்கே உண்டு.

மிச்சம் இருப்பது பணம். வாடகைக் கடைகளில் ஷட்டர் பழுதை யார் பார்ப்பது என்பதில் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் ஓயாத இழுபறி. “நீங்கள்தானே பயன்படுத்துகிறீர்கள்” என்பார் அவர். “கட்டடம் உங்களுடையதுதானே” என்பார் இவர். எங்கள் கருத்து ஒளிவுமறைவு இல்லாதது: தடத்தைத் துடைத்து எண்ணெய் விடுவது பயன்படுத்துபவர் பொறுப்பு, வில்லை மாற்றுவது கட்டடத்துக்கு உரியவர் பொறுப்பு. இருவரும் ஒத்துக்கொள்ளும்வரை அந்த 70 கிலோவை யாரோ ஒருவரின் முதுகு தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வீடு திரும்பும் நாளில், உங்கள் வீட்டிலோ கடையிலோ ஷட்டர் உண்டா, அதை ஏற்றுபவர் யார் என்பதை எங்களிடம் சொல்லுங்கள். எத்தனை வாரம் தொடக் கூடாது என்பதைச் சீட்டில் தனி வரியாக எழுதித் தருகிறோம். வீட்டு உரிமையாளரிடம் காட்ட இன்னொரு பிரதி வேண்டுமென்றால் அதையும் தருவோம்.