கண்ணாடி முதலில், களிம்பு பிறகு: வெயில் பாதுகாப்பு குறித்த நிலைப்பாடு

வெயில் பாதுகாப்பு என்றால் நம்மூர் விளம்பரங்களுக்குச் சன்ஸ்கிரீன் டியூப்தான். அதுவும் புற்றுநோயைத் தடுக்க அல்ல, கறுக்காமல் இருக்க! தோலின் நிறத்தையே நோயாக்கி விற்கும் இந்த வியாபாரத்தைப் பொதுச் சுகாதாரமாக எங்கள் அமைப்பு ஏற்கவில்லை.

சன்ஸ்கிரீன் பயனற்றது என்பதல்ல வாதம். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992இல் தொடங்கிய ஆய்வில் 1,621 பேர் சேர்க்கப்பட்டனர். தினமும் பூசும்படி சொல்லப்பட்டவர்களிடம் ஸ்குவாமஸ் செல் புற்றுக்கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. ஆனால் அது பெரும்பாலும் வெளிர்தோல் மக்கள் வாழும் ஊர். மெலனின் நிறமி மிகுந்த தோலில் வெயிலால் வரும் புற்றுநோய் அரிது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்காலில் வருகிறது. வெயில் படாத இடம் அது.

தோலைக் காக்கும் மெலனின் கண்ணின் லென்ஸைக் காப்பதில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வெளிச்சம் மேலிருந்து மட்டுமா விழுகிறது? பாத்தியில் பூத்த வெள்ளை உப்பு அதை முகத்தை நோக்கித் திருப்பி அடிக்கிறது. தலைத்துண்டு கட்டினாலும் கண் தப்பாது. ஆண்டுக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டால் கண்புரையும், விழியில் சதை வளர்வதும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே உப்பளத் தொழிலாளர்களுக்கும் கடல் மீனவர்களுக்கும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400 தரமுள்ள கண்ணாடியை அரசு இலவசமாக வழங்க வேண்டும். ஆண்டுக்கொரு கண் பரிசோதனையும் வேண்டும். தெருவோரத்தில் விற்கும் கூலிங் கிளாஸ் போதாது. வடிகட்டும் திறனில்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாப்பா விரிந்து, கூடுதல் கதிரை உள்ளே விடும்.

வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு புற ஊதாக் குறியீட்டையும் சொல்ல வேண்டும். குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடும் கதிரும் ஒன்றல்ல. கொடைக்கானலில் உடம்பு குளிரும்போதும் கதிர் சுடும், உயரம் ஏற ஏற அது கூடவே செய்யும். பள்ளி விளையாட்டு வகுப்புகளை உச்சிவேளையிலிருந்து நகர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை.

சன்ஸ்கிரீனை மருந்தாகவே கருத வேண்டியவர்களும் உண்டு. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்கள், லூபஸ் நோயாளிகள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கு அழகுசாதனக் கடை விலை கட்டுப்படியாகாது. அரசு மருத்துவமனை மருந்தகங்களில் அது சீட்டுக்குக் கிடைக்க வேண்டும்.