கேட்காமல் வந்த கடை

கம்ப்யூட்டரை இயக்க உபுண்டு என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 2004-ம் ஆண்டு முதல் கனோனிக்கல் கம்பெனியார் இதை வெளியிட்டு வருகிறார்கள்.

2012 அக்டோபரில் வந்த பதிப்பில் ஒரு புதுமை! ஒருவர் தம் கம்ப்யூட்டரில் தாம் எழுதிய கடிதத்தைத் தேடுவார். கூடவே அமேசான் கடைச் சரக்குகளும் வந்து நிற்கும். தேடிய சொல் கம்பெனியார் வழியாகக் கடைக்குப் போனது. சரக்கு விற்றால் கம்பெனியாருக்குக் கமிஷன்.

தேடியவர் யார் என்று கடைக்குத் தெரியாது என்று கம்பெனியை நிறுவிய மார்க் ஷட்டில்வொர்த் சமாதானம் சொன்னார். கம்பெனிக்குத் தெரியுமே! வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ள வழி இருந்தது. ஆனால், "வேண்டுமா?" என்று முதலில் யாரும் கேட்கவில்லை.

சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இது உளவு வேலை என்று அந்த டிசம்பரிலேயே கண்டித்தார். 2016 ஏப்ரல் பதிப்பில்தான், கேட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மூன்றரை ஆண்டு தாமதம்!

கம்பெனியும் பிழைக்க வேண்டும். விளம்பரம் போடுவது குற்றமல்ல. பத்திரிகைகளும் விளம்பரம் போடுகின்றன. வாசகரின் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

2022 முதல், மென்பொருளைப் புதுப்பிக்கும்போது "உபுண்டு புரோ" சேவைக்கு அழைப்பு வருகிறது. சொந்த உபயோகத்துக்கு 5 கம்ப்யூட்டர் வரை இலவசம், கம்பெனிகளுக்குக் கட்டணம். இது தொந்தரவுதான். ஆனால் உளவு அல்ல. நிறுத்தும் வழியையும் அந்த அழைப்பின் கீழேயே அச்சிடட்டும்.