தலைச்சோலையில் நிற்கும் பிளஷர் கார்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கிறது. 1964-ல் எடுத்தது. சேலத்தில் என் அப்பாவுக்கு மாப்பிள்ளை அழைப்பு. கோட்டு, மாலை, நெற்றியில் பெரிய பொட்டு என்று அப்பா ஒரு திறந்த காரின் பின் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி, மடியில், காலடியில், மடித்து வைத்த கூரையின் மேலே என எங்கு பார்த்தாலும் பொடிசுகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்கள். கார் முழுசாகத் தெரியவில்லை. ஒரு பெரிய ஹெட்லைட், வளைந்த மட்கார்டு, அவ்வளவுதான்.

ஜானவாச கார்! நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இளையவர்களுக்காக ஒரு வரி. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் வைத்து, நாதஸ்வரத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். அந்த ஒரு வேலைக்காகவே ஊருக்கு ஒன்றிரண்டு பழைய கார்கள் இருந்தன. மற்ற நாட்களில் அவை எங்கே தூங்கின என்பது எனக்கு ரொம்ப நாள் புதிர்.

போன மாதம் ஏற்காட்டிலிருந்து நண்பன் போன் செய்தான். "தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல பழைய பிளஷர் ஒண்ணு நிக்குது. ஓபன் வண்டி. ஓனர் குடுத்துடலாம்னு இருக்கார். வந்து பாக்குறியா?"

பார்க்கத்தானே, பார்த்தால் என்ன என்று கிளம்பினேன். சபலம் எல்லாமே இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சுமார், 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. 1930-களின் நடுவில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. அந்த வாசலில் எத்தனை திறந்த கார்கள் நுழைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே மலை ஏறினேன். மனசு ஏற்கெனவே 1930-களுக்குப் போய்விட்டது. விலை பேசப் போகிறவனுக்கு இது நல்ல அறிகுறி இல்லை.

தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி. அதற்கு நடுவே தகரக் கொட்டகை. காப்பி மூட்டைகளுக்கும் பழைய பல்பிங் மெஷினுக்கும் பின்னால், கிழிந்த தார்ப்பாயின் கீழே இருந்தது வண்டி. தோட்டத்து மேஸ்திரி தார்ப்பாயை விலக்கினார். பின் சீட்டிலிருந்து ஒரு கோழி கோபமாக இறங்கிப் போனது.

செவர்லே. 1929. ஐந்து பேர் உட்காரும் டூரர். பக்கக் கண்ணாடி கிடையாது, கூரை துணி, அதுவும் பாதி இல்லை. சக்கரங்களுக்கு மரக்கால்கள், மாட்டு வண்டிச் சக்கரத்தின் தம்பி மாதிரி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 107 அங்குலம். இன்றைய க்ரெட்டாவுக்குக்கூட அந்த இடைவெளி இதைவிடக் குறைவு. பானெட்டைத் தூக்கினால் வரிசையாக ஆறு பிளக். அதுவரை நாலு சிலிண்டர் விற்ற செவர்லே, ஃபோர்டு கம்பெனியின் புதிய 'மாடல் ஏ'க்குப் பதிலடியாக, நாலு சிலிண்டர் விலையிலேயே ஆறு சிலிண்டர் என்று 1929-ல் இறக்கிய இன்ஜின் இது. ஏறத்தாழ 3,200 சிசி, 46 குதிரைசக்தி. நம்ம ஆல்டோ 800 கிட்டத்தட்ட அதே சக்தியைக் கால்வாசி இன்ஜினில் எடுத்துவிடும். ஆனால் ஆல்டோவைப் பார்த்து யாருக்கும் தொண்டை அடைப்பதில்லை.

இந்த வண்டிகள் நம்மூர் வந்த கதை சுவாரஸ்யமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. பெட்டி பெட்டியாகப் பாகங்கள் கப்பலில் வரும். அங்கே பூட்டி ஊர் ஊராக அனுப்புவார்கள். 1954-ல் அதை மூடிவிட்டுப் போனார்கள். இந்திய சாலைகளில் ஓடிய அந்தக் கால செவர்லேக்களில் பல அங்கே பிறந்தவைதான்.

இன்னொன்று தெரியுமா? திறந்த கார் என்றால் ராஜா வீட்டுச் சமாசாரம் என்று நினைக்கிறோம். அன்றைக்கு அதுதான் மலிவான மாடல். 1929-ல் அமெரிக்காவில் டூரரின் விலை 525 டாலர். கூரையும் கண்ணாடியும் உள்ள செடானுக்கு 675. தகரக் கூரை போட்டால்தான் காசு அதிகம்! நம் ஜானவாசத்துக்குத் திறந்த கார்கள் தாராளமாகக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கணக்கு. வசதியானவர்கள் மூடிய காருக்கு மாறியபோது, வெயிலும் மழையும் உள்ளே வரும் வண்டிகள் கைமாறிக் கைமாறிக் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். சாயங்கால ஊர்வலத்தில் வெயில் ஏது?

மேஸ்திரி பின்பக்கம் கூட்டிப்போய், சேஸிஸில் இருந்த நாலு ஓட்டைகளைக் காட்டினார். "இங்கதாங்க கரி அடுப்பு மாட்டியிருந்தாங்களாம், எங்கப்பா சொல்வாரு." இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன். அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கேஸ் பிளான்ட்டைத் தயாரித்து விற்றது. கரி பஸ்ஸில் போன கதையை உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி சொல்லியிருக்கலாம். அந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தேன். சரி, நான் விழுந்துவிட்டேன்.

"ஓடுமா?"

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு ஸ்டார்ட் பண்ணி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கேட்டு வரைக்கும் போயிட்டு வருவோமுங்க."

ஹாண்டிலை என் கையில் கொடுத்தார். "தம்பி, கட்டை விரலைச் சுத்திப் புடிக்காதீங்க. மத்த விரலோட சேத்து வெச்சுக்குங்க. எதிர்த்து அடிச்சா விரல் போயிரும்." ஏழாவது சுற்றில் இருமல், பத்தாவதில் புகை, அப்புறம் மெதுவாகத் துடிக்கும் ஒரு சத்தம். தையல் மெஷினும் தவிலும் கலந்த மாதிரி.

கேட் வரை அரை கிலோமீட்டர் ஓட்டினேன். எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதிவிடுகிறேன். கண்ணுக்கு முன்னால் நீளமான பானெட், அதன் நுனியில் மூடுபனி. இரண்டு பக்கமும் மறைப்பே இல்லை. கை நீட்டினால் காப்பி இலை. கிளட்சை ஒரு முறை மிதித்தால் கியர் விழாது. மிதித்து, விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மறுபடி மிதிக்க வேண்டும். தப்பாகப் போட்டால் வண்டி பல்லைக் கடிக்கும். மூன்றாவது தடவை கியர் சத்தமில்லாமல் விழுந்தபோது எனக்கு வந்த பெருமை, என் டிகிரி சர்டிஃபிகேட் கையில் கிடைத்தபோதுகூட வந்ததில்லை.

திரும்பி வரும்போது சரிவு. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, யோசித்தது. இன்னும் அழுத்தினேன். இன்னும் யோசித்தது. ஆயில் பிரேக் கிடையாது, எல்லாம் கம்பியும் நெம்புகோலும்தான். பக்கத்து சீட்டில் இருந்த மேஸ்திரி அலட்டிக்கொள்ளாமல் கீழே குதித்து, காலடியில் வைத்திருந்த மரக்கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். வண்டி குலுங்கி நின்றது. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். கட்டை போட ஆள் இல்லாமல் இந்த வண்டி மலையில் இறங்கியதே இல்லை என்று அதற்கப்புறம்தான் சொன்னார்.

ஓனர் கேட்ட விலை ஒரு சின்ன புதுக் காரின் விலை. நியாயம்தான். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

விலை என்பது வாசல்படி மட்டும். பாடி மேலே தகரம், உள்ளே மரச்சட்டம். கதவைத் தட்டினால் உள்ளே கரையான் தின்ற மண் கொட்டுகிறது. அப்படியென்றால் தச்சர், தகர வேலை, பெயின்ட். இன்ஜினில் இப்போதைய பேரிங் கிடையாது. வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைய வேண்டும். அந்தக் கை இருக்கும் மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கும் கார்க் கேஸ்கெட்டுக்கும் ஆகாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு இது வேறு.

நண்பன் விடவில்லை. "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுடா. ஒரு சீசன்ல போட்ட காசை எடுத்துரலாம்." எனக்கும் அது பிரமாதமாகப் பட்டது. அப்பா உட்கார்ந்த மாதிரியே எத்தனை மாப்பிள்ளைகள்! பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 2021-ல் மத்திய அரசு பழைமையான வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக... இதற்கெல்லாம் ரோட்டில் ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைத் தொழிலுக்கும் கூடாது. ஆக, அந்த நம்பரில் ஜானவாசம் கேன்சல்.

சட்டம் சரிதான் என்றுதான் நினைக்கிறேன், என் பிழைப்பைக் கெடுத்தாலும். குழந்தைகள் பதினொன்றை ஏற்றிக்கொண்டு, யோசித்து நிற்கும் பிரேக்கோடு இன்றைய சேலம் ஐந்து ரோட்டில் போவதை நினைத்துப் பாருங்கள்.

மனைவி நோட்டைப் பார்த்தாள். கூட்டலைச் சரிபார்த்தாள். ஒரு இடத்தில் நான் ஒரு பூஜ்யம் குறைவாகப் போட்டிருந்தேன். மகளின் காலேஜ் ஃபீஸ் தேதியைப் பக்கத்தில் எழுதி நோட்டைத் திருப்பித் தந்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

ராத்திரி தூக்கம் வராமல் ஜி.டி.நாயுடுவை நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்து, 300 ரூபாய் சேர்த்து அதை வாங்கி, வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார் என்பார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே தானே பஸ் ஓட்டினார். ஆசை அவரை எங்கோ கொண்டுபோனது. ஆனால் அவர் பிரித்ததைத் திரும்ப மாட்டத் தெரிந்தவர். நான் மிக்ஸியைப் பிரித்து, மிச்சமான மூன்று ஸ்க்ரூவை இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறேன். பழைய கார் பார்க்கும் ஆசைக்கு கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. சென்னையில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தால் பிரேக் பிரச்னையே இல்லை.

காலையில் நண்பனுக்கு போன் செய்து, முடியாது என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வேறொருவர் கேட்டிருக்கிறார், மாதக் கடைசியில் லாரி வரும் என்றான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "உங்கப்பா மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு தெரியுமா? தெருமுனையில வண்டி நின்னுபோச்சு. சிநேகிதங்க இறங்கித் தள்ளுனாங்க. நான் மாடி ஜன்னல்ல நின்னு சிரிச்சேன். அதைப் பாத்துட்டாரு."

"நீ அந்த வண்டியில ஏறியிருக்கியா?"

"பொண்ணை யாருடா அதுல ஏத்துனாங்க? மாப்பிள்ளைக்கும் வாண்டுகளுக்கும்தான் வண்டி. நான் பாத்ததோட சரி."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தாள். தலைச்சோலையில் இறங்கி, கொட்டகைக்குள் போய், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இது அது இல்லை. அது இன்னும் பெரிசு" என்றாள். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிறகு அவரே சீட்டைத் துடைத்து, கோணிப்பையை விரித்து, கை கொடுத்து ஏற்றிவிட்டார். அம்மா பின் சீட்டின் நடுவில், அப்பா உட்கார்ந்த அதே விறைப்போடு உட்கார்ந்தாள். நான் ஹாண்டிலை எடுக்கப் போனேன். "ஸ்டார்ட் எல்லாம் வேண்டாம்டா, தோட்டமே புகையாயிடும்" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, எலெக்ட்ரிக் ஹாரன் செத்த பின் யாரோ மாட்டியிருந்த ரப்பர் பல்பைக் காட்டி, "அதை மட்டும் ஒரு தடவை அடி" என்றாள்.

அடித்தேன். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கோழி மறுபடியும் ஓடியது. அம்மா இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள்.