பூர்வ ஜன்மத்தின் மேல் பழி

சென்ற தை மாதம் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். எச்சில் இலை விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கைவிரல்கள் மழுங்கிப் போயிருந்தன. பெருநோய். என் பக்கத்தில் நின்ற கனவான் நல்லவர், படித்தவர், தான தர்மம் செய்கிறவர். அவர் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, "போன ஜன்மத்திலே என்ன பண்ணினானோ, அனுபவிக்கிறான்" என்றார். சொல்லிவிட்டு என்னிடம் சுண்ணாம்பு கேட்டார். கொடுத்தேன். கல்யாணச் சாப்பாடு அன்றைக்கே செரித்துவிட்டது. அந்த வார்த்தை இன்னும் செரிக்கவில்லை.

மறுபிறவி உண்டா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. உண்டு என்கிறவர்கள், 1935-ல் டில்லியில் பெரிதாகப் பேசப்பட்ட சாந்தி தேவி என்ற சிறுமியைக் காட்டுவார்கள். முற்பிறவியில் மதுராவில் தனக்கு வீடும் கணவனும் இருந்ததாக அவள் சொன்னாள். அதை விசாரிக்கப் பிரமுகர்கள் குழு ஒன்று அவளோடு மதுராவுக்கே போயிற்று. அயன் ஸ்டீவன்ஸன் என்ற மனோவைத்திய நிபுணர் 1966-ல் இப்படிப்பட்ட இருபது பேரைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். இருக்கட்டும். அத்தனையும் மெய் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிரூபணமாவது என்ன? ஓர் உயிர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்தது என்பதுதான். இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்பது அதில் எங்கே நிரூபணமாயிற்று? உயிர் கூடு மாறுகிறது என்பது ஒரு சங்கதி. கஷ்டப்படுகிறவன் குற்றவாளி என்பது வேறு சங்கதி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

சாஸ்திரம் எழுதியவர்களுக்கோ இதில் தயக்கமே இல்லை. மனு ஸ்மிருதியின் 12-வது அத்தியாயத்தில், தானியம் திருடினவன் எலியாவான், பால் திருடினவன் காக்கையாவான் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லிச் சிரிக்கலாம். சாந்தோக்கிய உபநிஷத்தின் 5-வது அத்தியாயத்துக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். நன்னடத்தை உள்ளவர்கள் பிராமண, க்ஷத்திரிய, வைசிய வயிற்றில் பிறப்பார்களாம். துர்நடத்தை உள்ளவர்கள் நாய் வயிற்றிலோ பன்றி வயிற்றிலோ சண்டாள வயிற்றிலோ பிறப்பார்களாம். நாய், பன்றி, அடுத்தபடியாக ஒரு மனுஷி! சேரிக் குழந்தை கண் திறக்கும் முன்பே அதன் மேல் குற்றப்பத்திரிகை தயாராகிவிட்டது.

வள்ளுவரும் 37-வது குறளில் பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் காட்டுகிறார். அறத்தின் பயன் இவர்களைப் பார்த்தாலே விளங்கும், நூல் வேண்டாம் என்று உரை செய்தார் பரிமேலழகர். இவர்களைக் காட்டி அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்று அதே குறளுக்குப் பொருள் கொள்வோரும் உண்டு. நான் இந்த இரண்டாவது கட்சி. சுமக்கிறவன் தோள் காய்த்துப்போனதற்குக் காரணம் பல்லக்கு. உள்ளே இருப்பவன் இறங்கி நடந்தால் பாரம் குறையும். இதற்கு ஜன்மாந்தர விசாரணை எதற்கு?

பெருநோய்க்கு வருகிறேன். அதன் கிருமியை நார்வே தேசத்து டாக்டர் ஹான்ஸன் 1873-ல் கண்டுபிடித்தார். 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. ஆறு மாதம், முற்றியிருந்தால் ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டால் வியாதி போய்விடும். மருந்தும் இலவசம். எத்தனையோ ஜன்மத்துப் பாவம் ஆறு மாத மாத்திரையில் கரைகிறது என்றால், அது பாவமா, கிருமியா?

விரல் மழுங்குவதற்குக் காரணம், நரம்பு செத்து, சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் புண்மேல் புண்ணாவதுதான். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் விரல் தப்பும். ஆனால் ஊர் பாவி என்று சொல்லுமே என்று பயந்து மனிதன் முதல் தேமலை ஒளிக்கிறான். ஒளித்துவைத்த நாட்களில் நரம்பு சாகிறது. ஆக, இந்த நம்பிக்கை நோய்க்கு வியாக்கியானம் சொல்வதோடு நிற்கவில்லை. நோயை வளர்க்கவும் செய்கிறது. மருந்து வந்து முப்பத்தெட்டு வருஷம் கழிந்து, 2019-ல்தான் இந்து விவாகச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து பெருநோயை எடுத்தார்கள் என்றால், பயம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"துக்கப்படுகிறவனுக்கு இது ஓர் ஆறுதல் இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆறுதல்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தேனோ" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதால், அவளிடம் நான் தர்க்கம் பேச மாட்டேன். அதையே பக்கத்து வீட்டுக்காரி அவளைப் பற்றிச் சொன்னால்? அவள் சொன்னது அழுகை; இவள் சொல்வது தீர்ப்பு. தன்னைக் குறித்துச் சொல்லிக்கொள்ள எவருக்கும் பாத்தியதை உண்டு. பிறரைக் குறித்துச் சொல்ல ஒருவருக்கும் கிடையாது என்பதுதான் என் கட்சி.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கடைசி அத்தியாயத்தில் ஒருவனைத் தண்டித்துவிட்டு, "இவன் செய்த குற்றம் வேறொரு நாவலில் இருக்கிறது, அந்தப் பிரதி யாரிடமும் இல்லை" என்று நான் எழுதினால் நீங்கள் பொறுப்பீர்களா? புத்தகத்தை என் முகத்தில் எறிய மாட்டீர்களா?

அன்று கனவான் காரில் ஏறிப் போனபின் கிழவரிடம் போனேன். "ஏன் பெரியவரே, வைத்தியம் பார்த்துக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பார்த்து எப்பவோ சொஸ்தமாயிடுச்சுங்க. ஆஸ்பத்திரியிலே காகிதம்கூடக் குடுத்தாங்க. வீட்டிலேதான் சேத்துக்கல்லே" என்றார்.

நோய் போய்விட்டது, பாவம் மட்டும் போகவில்லை. அதை அவர் எந்த ஜன்மத்திலிருந்தும் கொண்டுவரவில்லை. கல்யாண வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்ற நாங்கள்தான் கொடுத்தோம். சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்த நானும் அதில் சேர்த்தி.