பென்னிகுயிக் துரையின் வீடு எது?

சின்னமனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் சாமி படங்களோடு பென்னிகுயிக் துரையின் படமும் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவர் பிறந்த ஜனவரி 15-ந் தேதியை ஒட்டிப் பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரால் பொங்கலும் வைக்கிறார்கள். தண்ணீர் தந்தவனுக்கு நன்றி காட்டுவதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நன்றியானது பக்தியாக மாறினால் புத்தி என்ன கதியடையும் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

2021-ல் மதுரை நத்தம் ரோட்டில் பொதுப்பணித் துறையின் பழைய கட்டடம் இருந்த இடத்தில் நூலகம் கட்டுவதென்று ஏற்பாடானவுடன், "அது பென்னிகுயிக் வாழ்ந்த வீடாயிற்றே! இடிக்கலாமா? நினைவில்லமாக்க வேண்டாமா?" என்று கட்சிக்காரர்களும் விவசாயிகள் சிலரும் கிளர்ச்சி செய்தார்கள். அதிகாரிகளோ பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னார்கள். துரை இறந்தது 1911-ல். அந்தக் கட்டடம் தொடங்கியது 1912-ல், முடிந்தது 1913-ல். செத்த பிறகு அஸ்திவாரம் போட்ட வீட்டில் ஒருவர் குடியிருந்தார் என்றால், பேயாய் வந்துதான் குடியிருந்திருக்க வேண்டும்!

தோழர்களே! "இங்கே ராமன் கால் வைத்தான், இங்கே சீதை குளித்தாள்" என்று பாறைக்குப் பாறை கதை கட்டிய புத்தி வேறு, இந்தப் புத்தி வேறா? இங்கிலாந்திலுள்ள சொத்தையும் மனைவி நகையையும் விற்று அவர் அணை கட்டினார் என்ற கதையும் இப்படிப்பட்டதே. தஸ்தாவேஜு எங்கே என்று கேட்டால் கோபம் வருகிறதேயொழிய தஸ்தாவேஜு வருவதில்லை. அணை கட்டிய பணம் சென்னை அரசாங்கப் பணம். அதாவது குடிகள் கொடுத்த வரிப்பணம்.

உண்மையில் அவர் செய்ததற்குப் புளுகு எதற்கு? மேற்கே ஓடிக் கடலில் விழுந்த ஆற்றை, 1887 முதல் 1895 வரை காட்டிலும் வெள்ளத்திலும் பாடுபட்டு, சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தபோது நம் நாட்டில் கோயிலுக்குக் குறைவா, பூசாரிக்குக் குறைவா? எந்தச் சாமி ஒரு மடை தண்ணீர் விட்டது? தண்ணீர் வந்தது கணக்காலும் கடப்பாரையாலும்தான்.

அந்தக் கடப்பாரை பிடித்தவர்கள் யார்? காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டு மலையிலேயே புதைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான கூலிகளின் படம் எந்த வீட்டில் மாட்டியிருக்கிறது? அவர்களுக்குப் பொங்கல் வைப்பவர் யார்? துரைக்கு லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் வந்தது. இங்கிலாந்தில் 2022-ல் சிலையும் வந்தது. வரட்டும். கூலிக்கு என்ன வந்தது?

ஆகவே, நினைவிடம் வேண்டுமென்பவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். மணிமண்டபத்தைக் கர்ப்பக்கிரகமாக்காதீர்கள். அணையின் வரைபடம், செலவுக் கணக்கு, சுரங்கத்தின் அளவு, மாண்டவர்களின் விவரம் ஆகியவற்றை அங்கே தமிழில் எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய், தண்ணீர் மலை தாண்டியது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். மதுரையில் சண்டை போட்ட அந்த இடத்தில் 2023 முதல் நூலகம் நடக்கிறது. ஒரு இன்ஜினீயருக்குப் பொய் வீட்டை விடப் புத்தகசாலை குறைந்த மரியாதையா?

சின்னமனூர் வாலிபர்கள் வரும் தை மாதத்திலாவது கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இந்த வேலையில் இறங்குவார்களா?